நான்காவது வரி

செப்ரெம்பர் 8, வியாழன்

இன்று மகள் மிதுனாவுக்குச் சோதனை. கணக்கு, ஆங்கிலம், பிறகு மூளையை அளக்கிற கேள்விகளாம். பத்து வயதுப் பிள்ளை கிறமர் பள்ளிக்கூடத்துக்குப் போவதா இல்லையா என்பதை இந்த நாட்டில் எங்கள் பக்கத்தில் ஒரே காலைப் பொழுதில் முடிவு கட்டிவிடுவார்கள். பாஸ் பண்ணினால் கிறமர், கெட்டிக்காரரை மட்டும் பொறுக்கி எடுக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் தோர்ன்வெல் மாதிரி ஏதாவது ஒன்று.

தோர்ன்வெல்லில்தான் நான் வேலை செய்கிறேன், சமையலறையில். இந்த டயறியும் அங்கே ஆசிரியர்களுக்குக் கொடுத்து மிஞ்சியது. சமையல் பொறுப்பாளர் மோரீன் "வீட்டுக்குக் கொண்டு போ" என்று தந்தாள். வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன்.

சோதனை எப்படி என்று கேட்டேன். "ஓகே" என்றாள். பாவற்காய் பொரித்தேன், சாப்பிடவில்லை.

செப்ரெம்பர் 9, வெள்ளி

மீன், சிப்ஸ், பட்டாணி. இருநூற்று நாற்பது தட்டு.

அரசாங்கம் நாடு முழுக்கப் புதிய கிறமர் பள்ளிக்கூடங்கள் திறக்க யோசிக்கிறதாம். ஆசிரியர்கள் கோப்பிக் கோப்பையோடு நின்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். இவர் வேலையால் வந்து செய்தியைப் பார்த்துவிட்டு, "கனக்கத் திறந்தால் கிறமருக்கு என்ன மரியாதை?" என்றார். பிறகு செருப்பைத் தேடினார்.

செப்ரெம்பர் 24, சனி

தமிழ்ப் பள்ளிக்கூடம். மிதுனாவை வகுப்பில் விட்டுவிட்டு அம்மாமாரோடு நின்றேன். குகதாசன் அண்ணையின் மனைவி சாந்தினி அக்கா எனக்கு என்ன வேலை என்று கேட்டா. பள்ளிக்கூடத்தில் வேலை என்றேன். "ஒவ்வீஸிலோ?" என்று அவவே கேட்டு அவவே தலையாட்டினா. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பதற்குள் மிளகாய்த்தூள் விலைக்குப் போய்விட்டா, நல்ல காலம்.

ஒக்ரோபர் 12, புதன்

முடிவு பின்னேரம் ஈமெயிலில் வந்தது. ஒன்பது புள்ளி குறைவு. கணக்கு.

நானும் அந்த வயதில் புலமைப்பரிசில் சோதனை எழுதினேன். எட்டுப் புள்ளியால் போனது. அப்பா அன்றைக்கு என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை, அடுத்த நாளும் இல்லை. அதை நினைத்துக்கொண்டுதான் மிதுனாவின் அறைக்குப் போனேன். "சாப்பிட வா" என்றேன். "நான் பெயிலோ?" என்று கேட்டாள். "சாப்பிட வா" என்றேன்.

இவர்தான் அவளைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். "அம்மான்ர பள்ளிக்கூடத்துக்குப் போவம், என்ன? அங்க இருக்கிற ஆக்கள் மொக்கரோ? அம்மாவைக் கேள்." நானும் இல்லை என்றேன். அங்கே வாற பிள்ளைகள் கெட்டிக்காரர், நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன் என்றேன். அது பொய்யில்லை.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அரிசி ஊறப் போட்டேன்.

ஒக்ரோபர் 13, வியாழன்

மோரீனுக்குச் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். இங்கே இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கு முதல் இடமாம். கவுன்சிலுக்கு அனுப்புகிற விண்ணப்பப் படிவத்தில் தோர்ன்வெல்லின் பெயரை எழுதினால் போதுமாம், மற்ற எல்லாருக்கும் முன்னால் எடுப்பார்களாம். "உன் மகளுக்கு நானே கேக் வெட்டித் தருவேன்" என்றாள்.

ஒக்ரோபர் 15, சனி

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாஸ் பண்ணிய பிள்ளைகளை மேடையில் ஏற்றிக் கை தட்டுகிற நாள். மிதுனாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் அனுப்பினேன். காய்ச்சல்காரி தோழி கெய்லி வீட்டில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் கடையில் குகதாசன் அண்ணையைக் கண்டேன். பிள்ளைகளைக் கிறமரில் சேர்க்கிற விஷயத்தில் ஊர்ச் சனத்துக்கு அவர்தான் வக்கீல் மாதிரி. "மச்சாளின்ர மகளுக்கு ஒன்பது புள்ளியால போட்டுது, இனி என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து மச்சாள் எப்படி வந்தாளோ தெரியாது.

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "அப்பீல் பண்ணலாம் தங்கச்சி. படிவத்தில நாலு வரி இருக்கு. கிறமர்களை மட்டும் போடச் சொல்லுங்கோ. மற்றப் பள்ளிக்கூடத்தின்ர பேரை மறந்தும் எழுத வேண்டாம். எழுதினால் அதைத் தந்துபோட்டு வாயை அடைச்சுப்போடுவாங்கள். வெறுமையா விட்டால்தான் பயப்பிடுவாங்கள்."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவருடைய மூன்று பிள்ளைகளும் கிறமர்.

ஒக்ரோபர் 30, ஞாயிறு

இவர் சொன்னார்: "மூண்டு கிறமரையும் போடும். கிடைச்சால் அதிர்ஷ்டம். நாலாவதா உம்மட தோர்ன்வெல்லைப் போடும். அது நிச்சயம்தானே." சரி என்றேன். நாளைக்குக் கடைசி நாள்.

ஒக்ரோபர் 31, திங்கள்

படிவம் அனுப்பியாச்சு.

வெளியே பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு மணி அடித்தார்கள். தீபாவளிக்குச் சுட்டதில் மிஞ்சிய முறுக்கைக் கொடுத்தேன். ஒருத்தி மணந்து பார்த்துவிட்டுப் பையில் போட்டாள்.

நவம்பர் 25, வெள்ளி

நேற்றுப் பின்னேரம் தோர்ன்வெல்லில் பொதுக்கூட்டம். சட்டம் மாறினால் எங்கள் ஊரில் இன்னொரு கிறமர் கட்ட வேண்டும் என்று ஒரு பகுதி கையெழுத்துச் சேர்க்கிறது. அதிபர் மிஸ்ரர் ஹாலெட் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார். தேநீருக்கு மோரீனும் நானும் நின்றோம்.

குகதாசன் அண்ணை பத்துப் பெற்றோரோடு வந்தார். நான் பெரிய தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றேன், தலைத்தொப்பியோடு. அவர் காணவில்லை.

ஹாலெட் சொன்னது: "பத்து வயதில் நாலு பிள்ளைகளில் ஒன்றைக் கெட்டிக்காரர் என்று கூட்டிக்கொண்டு போகிறீர்கள். மிச்சம் மூன்று பேரையும் என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பிள்ளைகளுக்குக் கேட்கிறது. என் பள்ளிக்கூடத்தில் மூன்றில் ஒரு பிள்ளைக்கு, வசதியில்லாத வீடென்று, இலவசச் சாப்பாடு. மேட்டில் இருக்கிற கிறமரில் அப்படி எத்தனை பேர் என்று போய்க் கேளுங்கள்."

குகதாசன் அண்ணை எழும்பினார். நல்ல ஆங்கிலம். "நான் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன். பணக்காரர் காசு கட்டிப் படிப்பிக்கிறார்கள், அல்லது நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறார்கள். எங்களுக்குத் திறந்திருப்பது இந்த ஒரு கதவு. அதையும் சாத்தச் சொல்கிறீர்கள்." அவருக்கும் கை தட்டினார்கள்.

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. நான் கரண்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மிதுனா கையை உயர்த்தினாள். தகப்பனோடும் கெய்லியோடும் மூன்றாவது வரிசையில் இருந்தவள். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"எனக்குச் சோதனை சரிவரவில்லை. ஒன்பது புள்ளி குறைவு. முதலில் அழுதேன், இப்போது இல்லை. அடுத்த செப்ரெம்பர் நான் இங்கேதான் வருகிறேன், கெய்லியும் வருகிறாள். என்னுடைய அம்மா இங்கே சமைக்கிறா. இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர் என்று அம்மா சொன்னவ. அம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் அவ ஒவ்வொரு நாளும் பார்க்கிறா." சொல்லிவிட்டு என்னைக் காட்டினாள்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கை தட்டினார்கள். மோரீன் மூக்கைச் சிந்தினாள். ஹாலெட், "உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்போம் மிதுனா" என்றார். பெயரைச் சரியாகச் சொன்னார். குகதாசன் அண்ணை என்னைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினார், அது கட்டித்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது இவர் காரில், "என்ர பிள்ளை என்ன மாதிரிக் கதைச்சவள் பாத்தீரே" என்று மூன்று தரம் சொன்னார்.

டிசம்பர் 5, திங்கள்

கவுன்சிலின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். படிவத்தை மாற்றுகிறவர்கள் இந்த வெள்ளிக்குள் மாற்றலாமாம். காரணம் எழுத வேண்டும். தகப்பனும் தாயும் இரண்டு பேரும் ஒப்பம் வைக்க வேண்டும்.

காரணம் என்ற பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் நின்ற சத்தம் கேட்டது. போய் உடுப்புக் காயப் போட்டேன்.

டிசம்பர் 9, வெள்ளி

மீன், சிப்ஸ். மோரீனுக்கு இடுப்பு நோ.

பெப்ரவரி 11, சனி

மிதுனாவும் கெய்லியும் தோர்ன்வெல் மேற்சட்டையைக் கடைக் கண்ணாடியில் பார்த்து நின்றார்களாம். பச்சை தனக்குப் பொருந்துமா என்று கேட்டாள். பொருந்தும் என்றேன்.

மார்ச் 1, புதன்

பின்னேரம் ஈமெயில் வந்தது. இடம் தந்திருப்பது ரிவர்மீட் என்ற பள்ளிக்கூடத்தில். இரண்டு பஸ் மாற வேண்டும்.

இவர் மூன்று தரம் வாசித்தார். "தோர்ன்வெல் எப்பிடி வராமல் போச்சு? நாலாவதாப் போட்டனீர்தானே?"

"ஓம்" என்றேன்.

"பிறகென்ன? உம்மட பிள்ளைக்கெல்லோ முதலிடம் எண்டு சொன்னவை?"

"கொம்பியூட்டர் பிழையாக்கும்."

மிதுனா படியில் இருந்தாள். கெய்லிக்குக் கிடைத்துவிட்டதாம். தகவல் அனுப்பியிருக்கிறாள், சிரிக்கிற படங்களோடு. மரக்கறி நறுக்கி முடித்தேன்.

மார்ச் 3, வெள்ளி

இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு மிதுனாவைக் கூட்டிக்கொண்டு ஹாலெட்டைப் பார்க்கப் போனார். எனக்கு முதலே சொல்லவில்லை. நான் தட்டுக் கழுவுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். கதவின் வட்டக் கண்ணாடியால் இரண்டு பேரும் ஒவ்வீஸுக்குள் போவது தெரிந்தது. பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வரும்போது மிதுனா கண்ணாடிக்கு நேரே நின்று உள்ளே பார்த்தாள். நான் தட்டுகளை அடுக்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் கோதுமை மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"படிவத்தில மூண்டு பேர்தானாம். நாலாவது வரியில ஒண்டுமில்லையாம். அந்த மனுசன் கடுதாசியையே காட்டினது."

"குகதாசன் அண்ணைதான் வெறுமையா விடச் சொன்னவர்."

"குகதாசனோ?" சிரித்தார். "அவருக்கு நீர் அங்க வேலை செய்யிறது அப்ப தெரியுமோ? உமக்கு முதலிடம் இருக்கெண்டு சொன்னனீரோ?"

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, அது மச்சாளின் பிள்ளையல்லவா?

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ரொட்டி தட்டிச் சுட்டு, மூன்று தட்டில் வைத்தார்.

மார்ச் 4, சனி

மிதுனா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். "நான் பெயில் எண்டதாலயோ, இல்லாட்டி அந்தப் பள்ளிக்கூடம் கூடாது எண்டதாலயோ?"

உள்ளேயிருந்து, "தெரியாமல் நடந்த பிழை அம்மா" என்றேன்.

"ஓகே" என்றாள். வெளியே வந்து பார்த்தால் இல்லை.

மார்ச் 20, திங்கள்

தோர்ன்வெல் நிறைந்துவிட்டது. காத்திருப்போர் வரிசையில் மிதுனாவுக்கு முன்னால் பதின்மூன்று பேர். பிந்தி வந்தவர்களுக்கு வேலைக்காரரின் பிள்ளை என்ற சலுகை இந்த வருடம் இல்லையாம். அப்பீல் ஒன்றுதான் வழி. மோரீன் முந்தி என்னோடு கதைத்துக்கொண்டே கிழங்கு உரிப்பாள். இப்போது றேடியோ போடுகிறாள்.

மிதுனா காலையில் தன் சாப்பாட்டைத் தானே செய்து பெட்டியில் போட்டுக்கொண்டு போகிறாள். பாணும் சீஸும். நான் எழும்ப முதல்.

ஏப்ரல் 27, வியாழன்

கிறமர் அப்பீல் தோற்றது. பயந்த மாதிரி ஒருவரையும் அங்கே காணவில்லை. ஆறு நிமிஷத்தில் எங்களை வெளியே அனுப்பினார்கள்.

மே 13, சனி

கூட்டத்துக்குப் பிறகு முதல் தரம் குகதாசன் அண்ணை தானாக வந்து கதைத்தார். தோர்ன்வெல் அப்பீலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அப்பிடிச் சொல்லியிருப்பனோ தங்கச்சி?" என்றார். அவருக்கும் முகம் செத்துப்போய் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்கிலீஷ் விளங்கேல்லை, படிவம் விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. பாவம் பாத்துக் குடுப்பினம். போன வருசம் ஒரு குடும்பத்துக்கு அப்பிடித்தான் கிடைச்சது" என்றார்.

இவருக்குச் சொன்னேன். "பிள்ளைக்குக் கிடைக்குமெண்டால் சொல்லும்" என்றார்.

மே 16, செவ்வாய்

அப்பீல். நூலகக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. மூன்று பேர் தீர்ப்புச் சொல்ல. எழுதிக்கொள்ள ஒரு பெண். எதிர்ப்பக்கம் ஹாலெட், இடமில்லை என்று வாதாட. என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். மிதுனாவைக் கெய்லி வீட்டில் விட்டிருந்தோம்.

தலைவி நரைத்த மனுசி, நிதானமாகக் கதைத்தா. "நீங்கள் அங்கே ஆறு வருடமாக வேலை செய்கிறீர்கள். பெயரை எழுதியிருந்தால் இடம் நிச்சயம். ஏன் எழுதவில்லை? படிவத்தில் ஏதாவது விளங்கவில்லையா?"

கேள்வியிலேயே விடையையும் வைத்துத் தந்தா. இவர் என்னைப் பார்த்தார். ஓம் என்று ஒரு சொல் போதும்.

பதினாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். விண்ணப்பப் படிவமென்றால் தமிழ்ச் சனத்தில் பாதிக்கு நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். அதனால் அல்ல. என்னால் அந்த ஓமைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

"விளங்கியது" என்றேன். "நான் அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு போடுகிறேன். எனக்கு அவர்களைப் பிடிக்கும். என் பிள்ளை அவர்களில் ஒருத்தியாக இருப்பது பிடிக்கவில்லை. அதனால் எழுதவில்லை."

ஹாலெட் தன் கடுதாசிகளை நேராக்கினார். எழுதுகிற பெண் எழுதி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

"இப்போது?" என்று தலைவி கேட்டா.

"இப்போது பிள்ளைக்கு அதுதான் விருப்பம்" என்றேன். என் விருப்பத்தைத்தான் கேட்டா என்பது காரில் ஏறிய பிறகுதான் விளங்கியது.

மே 23, செவ்வாய்

கடிதம் வந்தது. நான் வேலையால் வர முதல் மிதுனா உடைத்து வாசித்துவிட்டாள். இல்லை என்றுதான். இரண்டாம் பக்கத்தில் என் பேச்சை எழுதியிருந்தார்கள். தாயார் படிவத்தை முழுமையாக விளங்கிக்கொண்டிருந்தார். தமது மகள் இப்பள்ளியின் மாணவர்களில் ஒருவராக இருப்பதை அவர் விரும்பவில்லை. இது தவறுதலால் நேர்ந்ததல்ல.

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் என் இடத்தில் வைத்திருந்தாள். அதற்குமேல் கோப்பையால் பாரம் வைத்திருந்தாள், பறக்காமல்.

நான் அவளின் அறைக் கதவைத் தட்டினேன். "வாசிச்சிட்டேன் அம்மா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். இனி எல்லாமே மரியாதைதான் போலிருக்கிறது.

யூன் 21, புதன்

புதிய கிறமர் திட்டத்தை அரசாங்கம் கைவிட்டுவிட்டதாம். ஆசிரியர்கள் அறையில் கேக் வெட்டினார்கள். தமிழ்ப் பள்ளிக்கூட வாட்ஸ்அப்பில் துக்கம் கொண்டாடினார்கள். எங்கள் வீட்டில் வெக்கை. யன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன்.

செப்ரெம்பர் 14, வியாழன்

டயறி போன மாதத்தோடு முடிந்துவிட்டது. பின்னட்டைக்குப் பக்கத்தில் குறிப்புகளுக்கென்று விட்ட தாள்களில் எழுதுகிறேன்.

மிதுனா காலை ஆறே முக்காலுக்குப் போகிறாள், நாவல்நிற மேற்சட்டை. இரண்டு பஸ். பின்னேரம் ஐந்துக்கு வருகிறாள். எப்படி என்று கேட்டால் "நல்லம் அம்மா." சாப்பாடு போதுமா என்றால் "போதும் அம்மா." தகப்பனோடு கொஞ்சம் கதைக்கிறாள். நான் உள்ளே வந்தால் கதை முடிந்துவிடும்.

இன்று புதுப் பிள்ளைகளின் வரிசையில் கெய்லி வந்தாள். பச்சை மேற்சட்டை அவளுக்குக் கைகள் நீளம். பாஸ்தா கேட்டாள், வைத்தேன். இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

"மிதுனாவோடு கதைப்பாயா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் மிஸ், போனில்."

மோரீன் பக்கத்தில் நின்றாள். பின்னால் நாற்பது பிள்ளைகள். கரண்டி என் கையில் இருந்தது.

"அவள் எப்படி இருக்கிறாள்?" என்றேன்.

கெய்லி முதலில் சிரித்தாள், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினாள். அங்கே அவளுக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறாளாம், பெயர் சஃபியா. கணக்கில் மேல் வகுப்பில் போட்டிருக்கிறார்களாம். இரண்டாவது பஸ்ஸில் இருக்க இடம் கிடைப்பதில்லையாம். முதல் கிழமை ஒவ்வொரு நாளும் கழிப்பறையில் நின்று சாப்பிட்டாளாம், இப்போது இல்லையாம்.

வரிசை நகரவில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.